பயந்தாங்கொள்ளியும் புதுசும்

பல் ஆஸ்பத்திரியில் பதினேழு வருடமாக அவள் சொல்லிவரும் ஒரே பொய் "ஒண்ணும் ஆகாது" என்பதுதான். ஊசி இருக்கும் தட்டை நோயாளியின் கண்ணில் படாமல் பின்பக்கமாகவே கொண்டுவந்து டாக்டரம்மாவின் கையில் கொடுப்பாள். பிறகு நோயாளியின் தோளில் இரண்டு விரலை வைத்து அந்தப் பொய்யைச் சொல்வாள். சொல்லும்போது அவள் முகமே வெளிறிப்போகும். முகக்கவசத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். அது மட்டும் இல்லாவிட்டால், அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பாதிப் பேர் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடியிருப்பார்கள்.

வயது நாற்பத்தொன்று. வீட்டில் வைத்த பட்டப்பெயர் பயந்தாங்கொள்ளி. அந்தப் பட்டத்துக்கு வேண்டிய தகுதி அவளிடம் கொட்டிக் கிடந்தது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் கையாலேயே சரிபார்த்த லிஃப்ட் கீழே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். இவள் மூச்சு வாங்க நாலு மாடியும் ஏறித்தான் வருவாள். குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் அடுப்படியில் நிற்க மாட்டாள். ஆஸ்பத்திரியில் கஷ்டமான பல் ஒன்றைப் பிடுங்கி முடித்ததும், பின்னறைக்குப் போய் இரண்டு பிஸ்கட்டை அவசர அவசரமாகத் தின்பாள். பயம் இறங்கினால் அவளுக்குப் பசி ஏறும். "பல்லு போனது அவருக்கு, பசி மட்டும் உனக்கா?" என்று டாக்டரம்மா கேட்காத வாரம் கிடையாது.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவனுக்குப் பறவைப் பைத்தியம். பால்கனி முழுக்கக் கம்பிவலை அடித்து, உள்ளே கூண்டுகளாக வைத்திருந்தான். பெரிய சாம்பல் நிறக் கிளி ஒன்று. லிஃப்ட் மணி அடிப்பதுபோல் கத்தி, யார் என்ன செய்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும். அதனால் அதற்குப் பெயர் சூப்பர்வைசர். பக்கத்தில் ஆறு லவ் பேர்ட்ஸ். ஆறும் ஒரே கட்சி, எந்நேரமும் கூச்சல். இவளோ முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பூச்சி பறந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். துணி காயப்போடப் போனால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போய், ஒட்டிக்கொண்டே திரும்புவாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இன்னொரு கிளி வந்து சேர்ந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ கொடுத்துவிட்டுப் போனது. உள்ளங்கை அளவுதான் இருக்கும், பச்சை உடம்பு, நெற்றியில் ஆரஞ்சுப் பொட்டு. பெயர் வைக்கும்வரை "புதுசு" என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே பெயராகிவிட்டது. புதுசு கூண்டின் பின்மூலையை விட்டு அசையாது. யாராவது பார்த்தால் கல்லாகிவிடும், இமைகூட ஆடாது. வந்த அன்று கணவன் அதைத் துண்டால் சுற்றிப் பிடித்து எடை பார்த்தான். தொண்ணூற்றைந்து கிராம். கீழே விட்ட பிறகும் அரை மணி நேரம் வாயைத் திறந்தபடி மூச்சிரைத்தது. அவனுக்கே பாவமாகிவிட்டது.

"இனிமே இத பிடிக்க வேணாம், எடையும் பார்க்க வேணாம். உமிய பார்த்தா போதும்" என்றான்.

இந்த உமி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கிளி தினையை அப்படியே விழுங்காது. உடைத்து உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு, தோலைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். காலையில் கிண்ணத்தை எடுத்து ஊதினால் உமி பறக்க வேண்டும். பறந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது மாதிரி, அவன் தொழிலுக்கேற்ற பரிசோதனை. அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் எதையும் பார்த்ததில்லை.

அவளுக்குப் புதுசை ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் தன்னைவிடப் பயந்த ஜீவன் ஒன்று வந்திருக்கிறதே. துணி காயப்போடும்போது அதற்கு முதுகைக் காட்டியபடி நிற்பாள். அதுவும் அவளைக் கண்டுகொள்ளாது. இருவருக்கும் இடையில் இருந்த உறவு அவ்வளவுதான். ஆனால் அந்தப் பால்கனியில் அவள் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டது அந்தக் கூண்டுக்கு முன்னால் மட்டும்தான்.

அப்புறம் கணவனுக்கு வெளியூரில் பன்னிரண்டு நாள் வேலை வந்தது. புதுக் கட்டிடம், நாலு லிஃப்ட்.

"என்னால முடியாதுங்க. பறந்து மூஞ்சில விழுந்துச்சுன்னா நான் செத்தே போயிடுவேன்."

"கூண்டுக்குள்ள இருக்கிறது எப்படி மூஞ்சில விழும்? காலையில உமிய ஊது, தினைய போடு. மத்தியானம் தங்கச்சி வந்து தண்ணி மாத்திடுவா. அவ்ளோதான் வேலை."

தங்கை என்றால் அவளுக்கு நாத்தனார், கீழ் மாடியில் குடியிருப்பவள். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம்.

நாலு நாள் நன்றாகவே போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, பக்கக் கதவு வழியாகக் கிண்ணத்தை எடுத்து ஊதுவாள். புதுசின் கிண்ணத்தில் உமி குபுகுபுவென்று பறந்தது. மற்றதைவிட இதுதான் நன்றாகச் சாப்பிடுகிறது என்று போனில் கணவனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை புதுசு தரையில் உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் உப்பி, கண் பாதி மூடி இருந்தது. கிண்ணத்தில் உமி நிறைய.

"சாப்பிட்டிருக்கே அண்ணி. குளிரா இருக்கும், விடுங்க" என்றாள் நாத்தனார்.

அவளால் விட முடியவில்லை. புதுசின் கால்விரல்களைப் பார்த்தாள். "எனக்கு வலிக்கவே இல்ல" என்று சொல்கிற நோயாளியின் கால்விரல் இப்படித்தான் மடங்கியிருக்கும். பதினேழு வருடமாக அவள் யார் வாயையும் நம்பியதில்லை, காலைத்தான் பார்ப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு வேலை ஓடவில்லை.

"டாக்டரம்மா, பழைய வாய்க்கண்ணாடி ஒண்ணு எடுத்துக்கட்டா? அரை நாள் லீவும் வேணும்."

"யாரு வாய பார்க்கப் போற?"

"கிளிய பார்க்கணும். நேரா பார்த்தா கல்லு மாதிரி ஆயிடுது."

"கிளிக்கு ஏதும்மா பல்லு" என்று சிரித்தபடி, நீளப் பிடியும் நகமளவு கண்ணாடியும் உள்ள ஒன்றை டாக்டரம்மாவே எடுத்துக் கொடுத்தார்.

மத்தியானம் புதுசின் கூண்டுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் வந்தாள், தண்ணீர் மாற்றினாள், லவ் பேர்ட்ஸ் கூண்டைத் திறந்துவிட்டாள்.

"எதுக்கு திறக்கிற?"

"அண்ணன் போனதுல இருந்து தினம் ஒரு மணி நேரம் விடறேன். பாவம், சிறகார பறக்கட்டுமே."

ஆறும் அவள் தலைக்கு மேல் விர்ரென்று கிளம்பின. அவள் கண்ணை இறுக மூடி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் அடங்கியதும் ஒரு கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள். ஆறும் புதுசின் கூண்டில் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன. கம்பிக்கு நடுவே தலையை நுழைத்து, அதன் கிண்ணத்துத் தினையைப் படபடவென்று உடைத்துத் தின்றன. உமி மட்டும் கிண்ணத்திலேயே விழுந்தது. எதிர் மூலையில் தரையோடு தரையாகப் புதுசு ஒடுங்கிக் கிடந்தது.

ஐந்து நாளும் அவள் ஊதியது இவற்றின் உமியைத்தான். நாத்தனாருக்கு முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது.

"நான் நல்லதுன்னு நினைச்சுதான் அண்ணி..."

"உன்ன ஒண்ணும் சொல்லல. முதல்ல அதுங்கள உள்ள தள்ளு."

புதுசைக் கூண்டோடு படுக்கையறைக்குக் கொண்டுபோய், கிண்ணம் நிறையத் தினை போட்டுக் கதவைச் சாத்தினாள். விடிந்து பார்த்தால் ஒரு மணிகூட உடையவில்லை. போட்டது போட்டபடி இருந்தது. ஒரே நாளில் கழுத்து மெலிந்துவிட்டதுபோல் தெரிந்தது.

போன் செய்ததும் பறவை டாக்டர் காலையிலேயே வந்தார். இளவயதுக்காரர், மெதுவாகப் பேசினார். எடை பார்த்தே ஆக வேண்டும் என்று துண்டை எடுத்தார். பிடித்த பிடியில் புதுசு கத்தக்கூட இல்லை. வாய் திறந்தது, கண் சொருகியது, தலை ஒரு பக்கமாகத் துவண்டது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். போய்விட்டது என்றே நினைத்தாள். டாக்டர் அவசரமாக எடையைப் பார்த்துவிட்டுக் கூண்டுக்குள் விட்டார். நாலைந்து நிமிடம் விட்ட இடத்திலேயே கிடந்தது.

"தொண்ணூத்தஞ்சு இருந்ததுன்னு சொன்னீங்க, இப்ப எழுபத்தி நாலு. கிண்ணத்துக்கிட்ட போகவே பயப்படுது. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள தானா சாப்பிடணும். இல்லன்னா குழாய் வெச்சுதான் ஊட்டணும்."

"குழாய் வைக்க திரும்பவும் பிடிக்கணுமே டாக்டர்."

"பிடிக்கணும்."

"பிடிச்சா?"

அவர் துண்டை மடித்தார். "பயத்துலயே போயிடலாம். ஆனா சாப்பிடலன்னாலும் போயிடும் மேடம். நான் ஆறு மணிக்கு வரேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "தனி ரூம்ல வைக்காதீங்க. கூட்டமா வாழற ஜாதி. மத்ததோட சத்தம் கேக்கலன்னா, எல்லாம் எதையோ பார்த்து பறந்து போயிடுச்சு, நாம மட்டும் மாட்டிக்கிட்டோம்னு நினைச்சுக்கும்."

கூண்டு மறுபடியும் பால்கனிக்கு வந்தது. மற்ற கூண்டுகளுக்கெல்லாம் பூட்டே போட்டாள். போனில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உமி இருந்துச்சே" என்றான்.

"அது அதோட உமி இல்லைங்க."

"சரி, நீ பயப்படாதே. நீ பயந்தா அதுவும் பயப்படும். பக்கத்துல உட்கார்ந்து தைரியமா பேசு."

தைரியமாகப் பேசுவதாம். அவளும் முயன்று பார்த்தாள். கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து, புன்னகையை முகத்தில் ஒட்டிக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுடா" என்று ஆரம்பித்தாள். புதுசு பின்கம்பியோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. அதன் கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. அசையாமல் உட்கார்ந்து, நேராகப் பார்த்து, பல்லைக் காட்டுகிற பெரிய உருவம். முகக்கவசமும் இல்லை. அவளாயிருந்தாலும் பயந்துதான் செத்திருப்பாள். ஊசித் தட்டைக் கண்ணில் காட்டாமல் கொண்டுபோக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் வேலைக்கு வரும் புதுப்பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள், இங்கே தட்டை மூக்குக்கு முன்னாலேயே நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்டூலைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டினாள். கையில் ஒரு ரொட்டித்துண்டு, இன்னொரு கையில் கண்ணாடி. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை, ரொட்டி எங்கே இறங்கும். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. கண்ணாடிக்குள் நகமளவுக்கு ஒரு பச்சை உருண்டை. நிமிடத்துக்கு நிமிடம் அது மூச்சு விடுகிறதா என்று பார்த்தாள். ஆறு மணியை நினைத்தாலே துண்டுதான் கண் முன்னால் வந்தது.

மூன்று மணி இருக்கும். சூப்பர்வைசர் வழக்கமில்லாமல் சுருக்கமாக ஒரு சத்தம் போட்டது. ஒரே ஒரு தடவைதான். அடுத்த கணம் பால்கனி மொத்தமும் ஓய்ந்துவிட்டது. லவ் பேர்ட்ஸ் ஆறும் மூச்சுக் காட்டவில்லை. அவள் நிமிர்ந்தாள். வலைக்கு வெளியே, கைக்கு எட்டும் தூரத்தில், கைப்பிடிச் சுவரில் ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது.

அவ்வளவு பக்கத்தில் அவள் அப்படியொரு அலகைப் பார்த்ததில்லை. மஞ்சள் கண் அவளையும் பார்த்தது, அவளுக்குப் பின்னாலும் பார்த்தது. நடுவில் வலை இருக்கிறது என்பதெல்லாம் மூளைக்குத் தெரிந்திருக்கலாம், உடம்புக்குத் தெரியவில்லை. ரொட்டி பாதி வழியில் நின்றது. ஈரக்குலை நடுங்கியது. எழுந்து ஓடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஓடினால் ஸ்டூல் உருளும், கூண்டுக்குள் அது அடித்துக்கொள்ளும், அந்த உடம்பில் அதற்குத் தெம்பு கிடையாது. கண்ணாடிக்குள் புதுசு விறைத்து நின்றது. இவளும் அப்படியேதான் இருந்தாள். தைரியசாலியாக நடிக்க நேரமே இல்லை.

பருந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. பிறகு சிறகை விரித்து, வந்ததுபோலவே போய்விட்டது.

யாரும் அசையவில்லை. ஊரை அதட்டுகிற சூப்பர்வைசரே வாயைத் திறக்கவில்லை. அவள் அடக்கி வைத்திருந்த மூச்சை நீளமாக விட்டாள். தோள் இறங்கியது. உடனே, எப்போதும்போல, கண்ணை இருட்டுகிற மாதிரி ஒரு பசி வந்தது. யோசிக்கவே இல்லை, ரொட்டியைக் கடித்து அவசர அவசரமாக, சத்தம் வர மென்றாள்.

முதுகுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சத்தம். திரும்பவில்லை. கண்ணாடியை மெல்ல ஏற்றிப் பார்த்தாள். புதுசு கிண்ணத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. ஒரு தினையை எடுத்தது, உடைத்தது, அவள் முதுகைப் பார்த்தது. அவள் மறுபடியும் மென்றாள். அது மறுபடியும் உடைத்தது.

அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆனது. பயமே இல்லாத ஒருவர் நன்றாகச் சாப்பிட்டு அதற்கு என்ன பிரயோஜனம்? பருந்தைப் பார்த்து இவள் நடுங்கியதை அது பார்த்திருக்கிறது. அந்த நடுங்கியவளே சாப்பிட ஆரம்பித்ததால்தான் ஆபத்து போய்விட்டதென்று நம்பியது. அன்று சாயங்காலம்வரை அவள் ஒரு பாக்கெட் ரொட்டியைத் தின்று தீர்த்தாள். அவள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது.

ஆறு மணிக்கு டாக்டர் வந்தபோது, ஒரு டப்பா மூடியில் உமியைச் சேர்த்து வைத்துக் காட்டினாள்.

"இது இதோடதுதானா?" என்று கேட்டார். கேட்காமல் இருக்க முடியுமா?

"மத்ததெல்லாம் பூட்டி வெச்சிருக்கேன். நானே பார்த்தேன்."

"நல்ல விஷயம்தான். ஆனா இது போதாது மேடம். ஒரு தடவ குழாய்ல ஊட்டிட்டா எனக்கும் நிம்மதி." அவர் பையைத் திறந்து துண்டை உதறினார்.

அவள் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். எந்த டாக்டருக்கும் பதினேழு வருடத்தில் அவள் எதிர்த்துச் சொன்னதில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்துத்தான் பழக்கம்.

"வேணாம் டாக்டர்."

"ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா என்னாலதான் ஆச்சு."

அவர் அவளையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. காலையில எடை பாருங்க. எழுபத்தி நாலுக்கு ஒரு கிராம் குறைஞ்சிருந்தாலும் உடனே கொண்டு வரணும். அப்புறம் பிடிக்க வேணாம்னு சொல்லக்கூடாது. ஆனா எடை பார்க்கவே நீங்க பிடிக்கணுமே?"

"தராசுல அதுவா ஏறும்" என்றாள். எந்தத் துணிச்சலில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அவர் கிளம்பிப் போனார். தன் பிடிவாதத்தால் ஒரு உயிர் போய்விடுமோ என்ற பயம் பருந்தைவிடப் பெரிதாக இருந்தது. இரவு முழுக்கத் தூக்கம் ஒட்டவில்லை.

விடிந்ததும் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து பால்கனித் தரையில் வைத்தாள். மேலே கொஞ்சம் தினையைப் போட்டு, எண்ணைப் பூஜ்யமாக்கினாள். புதுசின் கூண்டைத் தராசுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, கதவின் கொக்கியைக் கழற்ற மூன்று தடவை கையை நீட்டி, மூன்று தடவையும் இழுத்துக்கொண்டாள். நாலாவது தடவை கழற்றிவிட்டாள். கம்பி எதுவும் நடுவில் இல்லாமல் ஒரு பறவையோடு அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. எந்த நிமிடமும் முகத்துக்கு வரலாம். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, மடியில் ரொட்டியை வைத்துக்கொண்டாள். தலையைத் திருப்பாமலே கடைக்கண்ணில் தராசின் எண் தெரிந்தது.

புதுசு கதவுவரை வந்து நின்றது. திரும்பி உள்ளே போனது. மறுபடியும் வந்தது. பறக்கவில்லை, நடந்தது. ஒரு அடி வைத்தால் நாலு தடவை சுற்றிப் பார்த்தது. அவள் ரொட்டியைக் கடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு கால் தராசில் ஏறியது. எண்கள் ஓடின. இன்னொரு காலும் ஏறியது. எண் அறுபதில் தடுமாறி, எழுபதைத் தாண்டி, நின்றது.

எழுபத்து நான்கு.

ஒரு கிராம் ஏறவில்லை. ஒரு கிராம் இறங்கவும் இல்லை. பிடிக்க வேண்டியதில்லை. துண்டு வேண்டியதில்லை. அவளையும் மீறித் தொண்டையிலிருந்து ஒரு கேவல் வெடித்தது.

புதுசு கல்லாகிவிட்டது. ஒரு காலைத் தூக்கியபடி, கண்ணை அசைக்காமல், அவளையே பார்த்தது. இந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம், எது வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. அழுகையை நிறுத்த அவளாலும் முடியவில்லை. ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணீர் வழிய, விழுங்க முடியாமல், மெல்ல ஆரம்பித்தாள்.

கிளி வெகுநேரம் பார்த்தது. பிறகு தூக்கிய காலைத் தராசில் வைத்துக் குனிந்தது. தினை உடையும் சத்தம் கேட்டது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டைப் பிய்த்தாள்.